காளை பார்க்கும் பக்கம் திரும்பவும்

ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. வெளிச்சம் வரும் முன் எழுந்தேன். முந்தின நாள் டைரியை முடித்து, கீழே கையெழுத்துப் போட்டேன். ஆமாம், என் டைரியில் நானே கையெழுத்துப் போடுவேன். சிரிக்காதீர்கள். பல் விளக்கி, வெந்நீர் குடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தூக்குவாளியோடு பால் வாங்கக் கிளம்பினேன்.

வழக்கமாகத் தெருவின் நடுவே கைவீசி நடப்பவன் நான். அன்று முடியாது. தெரு முழுக்க ஈரச் சாக்கு. சாக்குக்கு அடியில், முந்தின நாள் போட்ட புத்தம் புதுக் கான்கிரீட். ஆகவே வீட்டு வாசல்களை ஒட்டியிருக்கும் சாக்கடை மூடிகளின் மேல், கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கயிற்றில் நடக்கிற சர்க்கஸ்காரனைப் போல நடந்தேன்.

எங்கள் வில்லாபுரம் தெருவைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு முனை மெயின் ரோடு. மறு முனை பின் தெரு. பின் தெருவில் அவனியாபுரம் போகிற ஷேர் ஆட்டோக்களின் ஸ்டாண்டு. அவ்வளவுதான் பூகோளம்.

பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டினார்கள். குழாய் பதித்தார்கள். மூடினார்கள். பிறகு ஒரு வழியாகக் கான்கிரீட் போட்டார்கள்... அதைச் சொல்லவில்லை, அதற்கு முன்னால் போட்டதைச் சொல்கிறேன். அந்த முதல் கான்கிரீட் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், ஒரு மொபெட் தடம் தெருவின் இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்கியிருக்கிறது. பக்கத்திலேயே செருப்புத் தடம். வண்டி சிக்கிக்கொண்டதும் இறங்கித் தள்ளியிருக்கிறார். கெட்டிக்காரர்!

போர்டு வைக்காமல் இல்லை. 'பணி நடைபெறுவதால் மாற்றுப் பாதையைப் பயன்படுத்தவும்' என்று தெளிவாக எழுதி வைத்திருந்தார்கள். எந்த மாற்றுப் பாதை? அது போர்டுக்கே தெரியாது.

அத்தனையையும் உடைத்து அள்ளினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு பெண். பெயர் நிவேதா. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் இன்ஜினீயர். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். தலையில் இருக்கிற மஞ்சள் தொப்பி இரண்டு சைஸ் பெரிசு. பொறுப்பாகக் கொடுத்திருக்கிற முதல் தெரு எங்களுடையதுதான்.

"சார், இன்னொரு தடவை கெட்டுப்போச்சுன்னா மெஷினை வேற வார்டுக்குக் கொண்டு போயிருவோம்னு எங்க முதலாளி சொல்லிட்டாரு. அப்புறம் மழை முடிஞ்சுதான் வருவாங்க. உங்க தெரு ஆளுங்ககிட்ட நான் பேசணும். எல்லாரும் ஒரு இடத்துல கூட முடியுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

மழைக்காலம் முழுக்கச் சேறா? மற்றவர்களாவது சமாளிப்போம். எதிர் வீட்டில் முடியாது. எதிர் வீட்டுப் பாக்கியம் அக்காவின் மகள் கௌசல்யா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாதம் ஆகிவிட்டது. எந்நேரமும் வலி வரலாம்.

கூடினோம். காலி மனையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தட்டு வடை. நிவேதா எழுந்து நின்று, பத்து நாள் தெருவில் வண்டியே ஏறக் கூடாது, எல்லா வண்டியும் பின் தெரு வழியாகச் சுற்றிப் போக வேண்டும் என்றாள். உடனே பின் தெரு ஆட்டோ ஸ்டாண்டின் தலைவர் செல்லப்பாண்டி எழுந்தார். கனத்த மீசை, அதைவிடக் கனத்த குரல்.

"யம்மா, அம்புட்டு வண்டியும் எங்க தெருவுல வந்தா, என் ஸ்டாண்டைத் தலையில தூக்கிட்டா நான் அலையிறது?"

"பத்து நாள்தாண்ணே. வண்டியையெல்லாம் பள்ளிக்கூடச் சுவரோரமாப் போட்டுக்கிட்டா..."

"அங்கிட்டுப் போட்டா எவன் ஏறுவான்? சவாரி போயிரும்ல?"

கூட்டத்தில் சலசலப்பு. வடை காலியாகிக்கொண்டிருந்தது. அப்போது பாக்கியம் அக்கா உட்கார்ந்தபடியே சொன்னார்: "தம்பி, எம்மகளுக்கு எந்நேரம் வலி எடுக்கும்னு தெரியல. தெரு இப்படிக் கெடந்தா நான் அவளை எப்படித் தூக்கிட்டு ஓடுவேன்?"

செல்லப்பாண்டி கௌசல்யாவைப் பார்த்தார். வடையைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"சரிக்கா. ஸ்டாண்டை மாத்திக்கிறோம். அதோட, உங்க தெரு எங்க தெருவுல முட்டுற கடைசியில, புள்ளைக்குன்னு ஒரு வண்டி எந்நேரமும் நிக்கும். நாலு வீடு நடந்தா வண்டி. அது என் பொறுப்பு."

இப்படித்தான் வழி பிறந்தது. அடுத்த கேள்வி: வழி மாறியிருப்பதை ஊருக்கு எப்படிச் சொல்வது? நிவேதா புது போர்டு எழுதலாம் என்றாள். பாக்கியம் அக்கா சிரித்துவிட்டார்.

"எழுத்தாப் போட்டா எவன் தாயி படிப்பான்? மூஞ்சியப் போடு. யாரு மூஞ்சின்னு நின்னு பாப்பாய்ங்க. நின்னா, எழுத்தையும் படிப்பாய்ங்க."

மதுரையில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புது மாப்பிள்ளை, புது வண்டி... எதற்குமே ஃபிளெக்ஸ் வைக்கிற ஊர். ரோட்டுக்கு வைத்தால் என்ன?

நிவேதா அலைந்து அனுமதி வாங்கினாள். நான் பிழை பார்க்கும் பொறுப்பை ஏற்றேன். வாராவாரம் இந்தப் பத்தியை எழுதுகிறவன் என்பதால் தெருவில் எனக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு. முகம் யார் யாருடையது என்று தகராறு வரக் கூடாதே என்று ஒரு விதியும் போட்டேன். வீட்டுக்கு ஒரு போட்டோ. ஒழுங்கான விதி. யாரும் குறை சொல்ல முடியாத விதி. அப்படித்தான் நினைத்தேன்.

அவனியாபுரத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கிற மணி, கேட்காமலேயே நடுவில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையை வைத்துவிட்டான். "காளை இல்லாம நம்ம ஏரியாவுல பேனர் அடிச்சா கடைய மூடச் சொல்லிருவாய்ங்க சார்" என்றான். இருக்கட்டும். ஆனால் அந்தக் காளை இடது பக்கம் பாய்ந்தது. அம்புக்குறி வலது பக்கம் காட்டியது! ஜனங்கள் காளையை நம்புவார்களா, அம்பை நம்புவார்களா? மணியின் பக்கத்திலேயே உட்கார்ந்து காளையைத் திருப்ப வைத்தேன். திருப்பியதில் வால் வெட்டுப்பட்டது. வாலை ஒட்ட வைத்தேன். ஒற்றெழுத்துகளைப் பார்த்தேன். பெயருக்கும் முகத்துக்கும் பொருத்தம் பார்த்தேன். பாக்கியம் அக்கா கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். என் முகத்துக்குக் கீழே 'எழுத்தாளர்' என்று போட்டிருந்தான். அதை எடுக்கச் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெயின் ரோட்டு முனையில் பேனர் ஏறியது. மேலே பெரிய எழுத்தில்: 'எங்க தெருவுக்கு ரோடு போடுறோம்! பத்து நாள் காளை பார்க்கும் பக்கம் திரும்பிப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.' சுற்றிலும் நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு.

அடடா, என்ன வேலை செய்தது! வண்டிகள் நின்றன. "இது நம்ம டெய்லர்ல?" என்றார்கள். படித்தார்கள். சிரித்தார்கள். திரும்பிப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஸ்கூட்டரை நிறுத்தி, "விசேஷம் என்னைக்குப்பா?" என்று கேட்டார். திங்கட்கிழமை கான்கிரீட் போட்டார்கள். ஒரு தடம்கூட விழவில்லை. நிவேதா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஈரச் சாக்குகளைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புவோம். தூக்குவாளியோடு சாக்கடை மூடிகளின் மேல் நடந்து தெருவின் கடைசிக்கு வந்தேனா? அங்கே நிற்க வேண்டிய ஆட்டோவைக் காணோம். கௌசல்யாவுக்கென்று எந்நேரமும் நிற்கிற ஆட்டோ.

பின் தெருவைப் பார்த்தேன். பள்ளிக்கூடச் சுவரோரம் போயிருந்த ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் பழையபடி ஸ்டாண்டிலேயே வரிசை கட்டி நின்றன. பாதித் தெரு அடைப்பு. டீக்கடை முன்னால் செல்லப்பாண்டி.

"என்னண்ணே, வண்டியைக் காணோம்?"

"சவாரிக்குப் போயிருக்கும் சார்."

சாரா? இருபது வருஷமாக என்னை 'அண்ணே' என்கிற மனிதர். நானும் அவரை 'அண்ணே' என்பேன். இருவரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அந்தச் செல்லப்பாண்டி என்னைச் 'சார்' என்கிறார்! முகத்தை வேறு பக்கம் திருப்பி டீயை ஆற்றுகிறார்.

வீட்டுக்கு வந்து மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஸ்டெல்லா பாலை அடுப்பில் வைத்தாள். வெளியே போனாள். மெயின் ரோட்டு முனைப் பேனரை நின்று பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"எல்லார் மூஞ்சியும் இருக்கு. செல்லப்பாண்டி அண்ணன் எங்க?"

பேனரின் முகங்களை மனசுக்குள் வரிசையாக எண்ணிப் பார்த்தேன். அவர் இல்லை.

வீட்டுக்கு ஒரு போட்டோ. அவருக்கு எங்கள் தெருவில் வீடு இல்லை. ஆனால் எங்கள் தெருவில் போக வேண்டிய புழுதி, ஹாரன், தண்ணீர் லாரி, பள்ளிக்கூட வேன் எல்லாம் போனது அவர் தெருவில்தானே? எங்களுக்கு ரோடு வருகிறது. அவருக்கு வந்தது நெரிசல் மட்டும். அவரைத் தவிர எல்லோரும் பேனரில் சிரிக்கிறோம். காளையின் வாலைக்கூடச் சரிபார்த்த எனக்கு இது கண்ணில் படவில்லை!

உடனே ஓடிப்போய்ப் பேசியிருக்க வேண்டும். இல்லையா? நான் என்ன செய்தேன்? டைரியில் குறித்து வைத்தேன்: 'மாலை, செல்லப்பாண்டியைப் பார்த்தல். பழம் வாங்கிப் போகவும்.' எதையும் முறையாகச் செய்ய வேண்டும் எனக்கு.

கௌசல்யாவின் குழந்தை என் டைரியைப் படிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கான்கிரீட்டுக்குக் காவல் இருக்கிற முறை என்னுடையது. தெருவில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று பிரித்திருந்தோம். நாயை விரட்ட ஒரு குச்சி, தலைக்கு ஒரு துண்டு. அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் எதிர் வீட்டிலிருந்து பாக்கியம் அக்காவின் குரல். "எம்மா... வண்டி! வண்டியக் கூப்பிடுங்க!"

கௌசல்யாவை ஒரு பக்கம் அக்காவும் மறு பக்கம் ஸ்டெல்லாவும் பிடித்துக்கொண்டு சாக்கடை மூடிகளின் மேல் அடி அடியாக நடத்தினார்கள். நாலு வீடு. தெருக்கடைசிக்கு வந்துவிட்டார்கள். வண்டி இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். அதுவும் பின் தெரு வழியாகத்தான் வர வேண்டும். பின் தெருவில் ஒரு தண்ணீர் லாரியும் ஒரு வேனும் எதிரெதிரே மூக்கை முட்டிக்கொண்டு நிற்கின்றன. பக்கவாட்டில் ஷேர் ஆட்டோ வரிசை. ஹாரன், ஹாரன், ஹாரன்.

நான் ஓடினேன். ஐம்பதைத் தாண்டியவன் கைலியில் ஓடுவதை ஊர் பார்த்தது. டீக்கடை முன்னால் செல்லப்பாண்டி. மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சே வரவில்லை. கையைத்தான் நீட்டினேன். அவர் தெருக்கோடியைப் பார்த்தார். கௌசல்யா சுவரைப் பிடித்துக் குனிந்து நிற்பது தெரிந்தது.

கிளாஸ் எங்கே விழுந்தது என்று தெரியாது. தன் ஆட்டோவில் ஏறினார், கிளப்பினார், எப்படியோ வளைத்து எங்கள் தெருமுனைக்குக் கொண்டு வந்து சேர்த்துவிட்டார். மூவரையும் ஏற்றினார். ஆனால் எந்தப் பக்கம் போவது? பின் தெரு அடைப்பு. எதிரே எங்கள் தெரு. காலியான, அகலமான, நேராக மெயின் ரோட்டுக்குப் போகிற தெரு. முந்தின நாள் போட்ட கான்கிரீட்.

நிவேதா அங்கே நின்றிருந்தாள். சாக்குகளுக்குத் தண்ணீர் விட வந்தவள். ஆட்டோவைப் பார்த்தாள். கௌசல்யாவைப் பார்த்தாள். குறுக்கே வைத்திருந்த தடுப்பை அவளே இழுத்துத் தள்ளினாள்.

"ஏத்துங்கண்ணே! நேரா விடுங்க!"

"ஏம்மா, உன் ரோடு?"

"ரோடு போனாப் போகட்டும்ணே. நான் சொல்லிக்கிறேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. முதலாளியிடம் என்ன சொல்லிக்கொள்வாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

செல்லப்பாண்டி ஒரு கணம் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அந்தச் சாக்குகளைப் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்து இறங்கினார். "வேணாந்தாயி. காலத்துக்கும் இது செல்லப்பாண்டி கெடுத்த ரோடும்பாய்ங்க. தடுப்பை எடுத்து வை."

இறங்கியவர் பின் தெருவின் நடுவில் போய் நின்று ஒரு சத்தம் கொடுத்தார் பாருங்கள்...

"டேய் மாப்ள! வண்டிய எடுங்கடா! பிள்ளத்தாச்சி வாரா! சுவரோரம் போங்கடா எல்லாரும்!"

"நீங்கதானண்ணே இங்க போடச் சொன்னீக?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அது காலைல சொன்னது! இப்ப எடுக்கச் சொல்றேன்! வெட்டிப் பேச்சுப் பேசாம ரிவர்ஸ் எடுறா!"

ஒன்றன் பின் ஒன்றாக ஆட்டோக்கள் நகர்ந்தன. கிடைத்த இடத்தில் வேன் ஒதுங்கியது. லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ கேட்கப் பார்த்தார். செல்லப்பாண்டியின் மீசையைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வழி திறந்தது. மறுபடி வண்டியில் ஏறி, போகிற போக்கில், "அண்ணே, அந்தப் பயலுகளைத் திரும்ப ஸ்டாண்டுல போட விட்றாதீக!" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனார்.

அண்ணே என்றாரா? என்றார். காதாரக் கேட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஸ்டெல்லா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பாக்கியம் அக்கா அழுகிறார், சிரிக்கிறார், நர்சுகளிடம் ரோட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செல்லப்பாண்டி வண்டியோடு திரும்பியபோது நான் டீக்கடையில் காத்திருந்தேன். பழம் வாங்க மறந்துவிட்டேன். என் வாழ்க்கையில் டைரியில் எழுதிய ஒன்றை மறந்தது அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை வீசித் தள்ளினார்.

"அண்ணே, ஒரு போட்டோவுக்காக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான்னு நினைச்சிராதீக. எனக்கு என்னத்துக்குண்ணே போட்டோ? என் ஸ்டாண்டுப் பயலுக பேனரைப் பாத்துட்டு வந்து கேட்டாய்ங்க. 'நம்ம சவாரிய விட்டுக்குடுத்து சுவரோரம் நிக்கிறோம், நம்ம தலைவரை எங்கண்ணே'ன்னு. நான் என்னத்தச் சொல்ல? அவய்ங்ககிட்ட நான் எம்புட்டுப் பேசிச் சம்மதிக்க வச்சேன் தெரியுமா?"

தெரியாது. கேட்கவும் இல்லை.

இதைத்தான் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். ரோடு போடுகிறவர்கள் ஊரைக் கலந்து பேச வேண்டும் என்கிறோம். நல்லது. நிவேதா பேசினாள். ஆனால் ஊர் என்று நாம் யாரைக் கூப்பிடுகிறோம்? ரோடு யாருக்குக் கிடைக்கிறதோ அவர்களை. யார் தெருவில் வண்டிகள் சுற்றிப் போகின்றனவோ, யார் தன் இடத்தை விட்டு நகர்கிறாரோ, அவரிடம் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். நன்றி சொல்கிற நேரத்தில் வீட்டுக்கு ஒரு போட்டோ என்று விதி பேசுகிறோம்! அவர் கோபித்துக்கொண்டால் "ஒரு போட்டோவுக்கா?" என்று ஆச்சரியம் வேறு.

வாசல் வரை வந்தவன் அப்படியே திரும்பி, ஷேர் ஆட்டோ ஏறி அவனியாபுரத்தில் மணியின் கடைக்குப் போய், செல்லப்பாண்டியின் படத்தை மட்டும் தனியாக அடிக்கச் சொல்லி வாங்கினேன். மீசை முழுதாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். ஆனால் பேனரில் எங்கே ஒட்டுவது? ஓர் அங்குல இடம் இல்லை. நடுவில் காளை. காளையின் மேல் ஒட்டினால் வண்டிகளுக்கு வழி தெரியாது. பாக்கியம் அக்காவுக்குப் போன் போட்டு யோசனை கேட்டேன்.

"யாரு மூஞ்சியவாச்சும் மறைச்சுத் தொலையாதீக தம்பி. ரோடு முடியிறதுக்குள்ள இன்னொரு சண்டையா?" என்றார். பின்னாலிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் புதன்கிழமை. எழுந்ததும் டைரியைத் தொடவில்லை. வெந்நீர் குடிக்கவில்லை. பாலுக்கும் போகவில்லை. முதல் வேலையாக ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டு முனைக்குப் போனேன். ஸ்டெல்லா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, செல்லப்பாண்டியின் முகத்தை என் முகத்தின் மேல் ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. கீழே 'எழுத்தாளர்' என்பது அப்படியே இருக்கிறது.

ஆகவே இந்த வாரம் பாராட்டோ வசவோ எதுவானாலும் பின் தெரு ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்துவிடவும்.